காருக்குள் தென்னையும் சணலும்

சில கார்களின் கதவு உட்பலகையைத் தட்டினால் பிளாஸ்டிக் போலத்தான் ஒலிக்கும். வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: இழை இழையாகத் தெரிவது செடியின் நார்.

எப்படிச் செய்கிறார்கள்?
சணல், ஆளி, ஹெம்ப் போன்ற நாரைப் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையோடு கலந்து, முள் ஊசிகளால் குத்திப் பாய்போல் ஆக்குவார்கள். சூடாக்கி அச்சில் அழுத்தினால் பிளாஸ்டிக் உருகி நாரைக் கவ்விக்கொள்ளும். இதே வேலைக்குப் பயன்படும் கண்ணாடி இழை தண்ணீரைப்போல் சுமார் 2.5 மடங்கு அடர்த்தி கொண்டது; செடி நார் ஏறத்தாழ 1.5 மடங்குதான். எடை குறைவதால் எரிபொருள் மிச்சம். ஈரத்தை உறிஞ்சுவது நாரின் குறை. அதனால் பெரும்பாலும் மழை படாத உட்பகுதிகளில்தான் அதற்கு வேலை.

புதிய யோசனையா?
இல்லை. 1941இல் ஹென்றி ஃபோர்டு செடிப்பொருள் கலந்த பிளாஸ்டிக் உடல் கொண்ட சோதனைக் காரைக் காட்டினார். அது விற்பனைக்கு வரவில்லை. கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் காருக்கு வெளிப்புறத் தகடே பஞ்சுக்கழிவும் பிசினும்தான். சுமார் 30 லட்சம் கார்கள் ஓடின. 2013இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 காரின் கதவில் இருந்தது கெனாஃப் நார். நம் புளிச்சக்கீரைக்கு நெருங்கிய உறவு அது.

நம் ஊரில்
பெங்களூரில், பீன்யாவில், தென்னை நார்த் தொழிலுக்கான கயிறு வாரியத்தின் மத்திய கயிறு தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்துச் செய்யும் மெத்தை வண்டி இருக்கைகளுக்கும் உதவும்.

பெயரில் குழப்பம், செடி வேறு
சாக்குப்பைக்குச் சணல், வயலுக்குத் தழையுரமாகச் சணப்பு; ஹெம்ப் கஞ்சா இனம். மூன்றும் வெவ்வேறு.