ஓரத்தில் எழுத ஒரு ஆப்

நங்கநல்லூரில் ஓய்வுபெற்ற வாத்தியார்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் பஞ்சமில்லை. பென்சில் இல்லாமல் புத்தகத்தைப் பிரிக்காதவர்கள். அமெரிக்காவிலிருந்து வரும் மகனோ மகளோ ஒரு இ-இங்க் கருவியைக் கையில் திணித்துவிட்டுப் போக, ‘இதில் எந்த ஆப் போட்டால் ஓரத்தில் எழுதலாம்?’ என்ற விசாரணை தொடங்குகிறது. ஆப் கிடக்கட்டும். படிக்கப்போகும் பி.டி.எஃப். எப்படிப்பட்டது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தமிழ்ப் புத்தகம் என்றால் இன்னும் கட்டாயமாக.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் தட்டச்சு செய்யப்பட்டவை. யூனிகோட் பதிப்பை எடுத்தால் எழுத்தைப் பெரிதாக்கலாம், சொல்லைத் தேடலாம், வரியை ஹைலைட் செய்யலாம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனி பி.டி.எஃப். தருகிறது. இவற்றுக்கு எந்த ஆப்பும் போதும்.

பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த பி.டி.எஃப். வேறு ரகம். கண்ணுக்கு அழகான தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லை ஹைலைட் செய்து குறிப்பேட்டுக்கு அனுப்பிப் பாருங்கள்: ஜே, கே, பி, ஓ, கூடவே ஒரு அரைப்புள்ளி வந்து நிற்கும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்காக முன்பே உருவான கோப்புகள் மாறிவிடுமா என்ன? ஹைலைட்டுகளைத் திரட்டித் தரும் வசதிக்காகவே ஒரு ஆப்புக்குக் காசு கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் படிப்பது மூன்றாவது ரகம், ஸ்கேன் செய்த பழைய புத்தகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இவை குவிந்து கிடக்கின்றன. பக்கம் முழுக்கப் படம்தான், எழுத்தே கிடையாது. விரலால் வரியைத் தேய்த்தால் ஒன்றும் நடக்காது. இங்கே பேனாதான் வழி. திரையும் பத்து அங்குலமாவது இருந்தால்தான் ஓரத்தில் நாலு வார்த்தை எழுத இடம் கிடைக்கும்.

ஆறு அங்குலக் கருவிதான் இருக்கிறது என்பவர்களுக்கு கோரீடர் என்ற இலவச மென்பொருளைத் தயங்காமல் சொல்வேன். கோபோ, பூக்ஸ் கருவிகளில் எளிதாக ஏறும்; கிண்டிலில் ஏற்ற அதன் பூட்டை உடைக்க வேண்டும், அது எல்லோருக்கும் ஒத்துவராது. வெள்ளை ஓரத்தைத் தானே வெட்டும். பழுத்த தாளில் மங்கிப்போன அச்சை அழுத்தமாகக் காட்டும். ஸ்கேன் செய்த பக்கத்தையும் சொல் சொல்லாக நறுக்கி, திரை அகலத்துக்கு மடித்து அடுக்கும். சில இடங்களில் ஒற்றைக்கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலுமாகப் பிரிந்துபோகலாம்; பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பேனாவால் கிறுக்க இது தோதில்லை.

கிறுக்குவதற்கு, கருவியோடு வரும் ஆப்பே மேல். பூக்ஸ் ஒரு ஆண்ட்ராய்டு கருவி என்பதால், டேப்லெட்டில் பழகிய ஆப்களை எல்லாம் அதில் இறக்கத் தோன்றும். ஆனால் இ-இங்க் திரை மெதுவாக மாறுவது. பூக்ஸ் நிறுவனத்தின் சொந்த ஆப்பான நியோரீடர் கோட்டை நேராகத் திரையிலேயே வரைந்துவிடுவதால் மை பேனாவோடு ஓடிவரும். பல வெளி ஆப்களில் நீங்கள் ‘அ’ எழுதி முடித்த பிறகுதான் சுழி தெரிய ஆரம்பிக்கும். ரீமார்க்கபிள் கருவி வாங்கியவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அதில் வேறு ஆப் போட அதிகாரபூர்வ வழியில்லை. இன்னொன்று: கறுப்பு வெள்ளைத் திரையில் மஞ்சள் ஹைலைட் வெளிறிய சாம்பலாகத்தான் தெரியும். அடிக்கோடு போட்டுப் பழகுங்கள்.

குறிப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்று வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. சில ஆப்கள் பி.டி.எஃப்.-க்குள்ளேயே எழுதும். கோரீடர் அந்தக் கோப்புக்குப் பக்கத்திலேயே ஒரு தனிக் கோப்புறையில் வைக்கும். வேண்டுமென்றால் ஹைலைட்டைக் கோப்புக்குள் எழுதும்படி மாற்றலாம். தனியாக வைக்கும் ஆப்பில், கோப்பை மட்டும் பேத்திக்கு அனுப்பினால் அவளுக்கு வெறும் புத்தகம்தான் போய்ச் சேரும். புதிய ஆப்பில் முதல் நாளே ஒரு பக்கத்தில் கோடு போட்டு, ஏற்றுமதி செய்து, போனில் திறந்து பாருங்கள். கோடு தெரியவில்லையா, இருநூறு பக்கம் எழுதுவதற்கு முன்பே வேறு ஆப் தேடிக்கொள்ளலாம்.