அடுக்களைக்குப் புதியவர்க்கு ஒரு பழைய நூல்

இதயச் செயலிழப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்று, மூச்சுத்திணறலும் கால்வீக்கமும் தணிந்து வீடு திரும்புவோருக்கு நாங்கள் தரும் குறிப்புத்தாளில் “உப்பைக் குறைக்கவும்” என்ற வரி தவறாமல் இருக்கும். அதை நிறைவேற்றுபவர் மருத்துவர் அல்லர், வீட்டில் சமைப்பவரே. நோயுற்றவரே அதுநாள்வரை அனைவருக்கும் சமைத்தவர் எனில் என்ன செய்வது?

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து வரும் பல குடும்பங்களில் இக்கேள்வியை நாங்கள் காண்கிறோம். துறைமுகத்திலும் ஆலைகளிலும் ஷிப்டு முறையில் உழைத்த கணவருக்கு உலை வைக்கத் தெரியாது. ஆகவே சாம்பாரும் சால்னாவும் கடையிலிருந்து வருகின்றன. அவற்றில் எவ்வளவு உப்பு என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. சில நாள்களில் கால் மீண்டும் வீங்குகிறது. நோயாளி மீண்டும் மருத்துவமனைக்கு வருகிறார்.

இத்தகைய இல்லங்களில் சமையலை முதலிலிருந்து கற்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அதற்கு உதவும் நூல் ஒன்று பல வீட்டுப் பரண்களில் உறங்குகிறது. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்த ‘சமைத்துப் பார்’ அது. மணப்பெண்ணுக்குச் சீராகவும், வெளிநாடு செல்வோருக்குத் துணையாகவும் தலைமுறைகளாக வழங்கப்பட்ட நூல்.

நம் வீடுகளில் சமையல் கைப்பக்குவமாகவே கற்பிக்கப்பட்டு வந்தது. “கொஞ்சம் போடு, கண்ணளவுக்குப் போடு” என்பதே பாடம். அனுபவம் உள்ள கைக்கு அது போதும், புதியவருக்குப் போதாது. மேலும், அளவு தெரியாத ஒன்றைக் குறைக்கவும் இயலாது. அளவு சொல்லிச் சமைக்கச் செய்வதே அந்நூலின் பயன். ஒரு கரண்டி என்று எழுதியிருந்தால் அதை அரைக் கரண்டியாக்கலாம்.

எனினும் பழைய நூலைப் படிக்கச் சிறிது பழக்கம் வேண்டும. நம் நாட்டில் மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய நூல்களில் பலம், வீசை, ஆழாக்கு, படி ஆகியவையே அளவுகள். 1 பலம் சுமார் 35 கிராம். 40 பலம் 1 வீசை, அதாவது சுமார் 1.4 கிலோ. 8 ஆழாக்கு 1 படி. கூட்டுக்குடும்பங்களின் காலத்து அளவுகள் என்பதால், எத்தனை பேருக்கு என்று கணக்கிட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்க.

திருவொற்றியூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தொழிலாளர் ஒருவர், மனைவியின் சீர்வரிசையில் வந்த பழைய பிரதியுடன் எங்களிடம் வந்தார். ஆழாக்கு என்றால் எவ்வளவு என்பதே அவரது முதல் ஐயம். மனைவி நாற்காலியில் அமர்ந்து பக்குவம் சொல்ல, அவர் அளந்து சமைத்தார். முதல் வாரம் ரசம் சப்பென்றிருந்ததாக அந்த அம்மையார் குறைபட்டுக்கொண்டார். மூன்றாம் வாரம், “மிளகை இன்னும் கொஞ்சம் தட்டிப் போடச் சொல்லுங்கள் டாக்டர்” என்றார். அடுக்களை தம் கையை விட்டுப் போகவில்லை என்ற நிறைவு அவர் குரலில் இருந்தது. மருந்துச்சீட்டில் எழுத முடியாத நிறைவு அது.

புதியவர்கள் ரசத்திலிருந்து தொடங்கலாம். இருவருக்கு: நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, 2 தக்காளியைப் பிசைந்து, 2 தம்ளர் தண்ணீருடன் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுக. மிளகு, சீரகம் தலா அரைத் தேக்கரண்டி, பூண்டு 4 பல் தட்டிச் சேர்க்க. வெந்த துவரம்பருப்பு 2 மேசைக்கரண்டி கரைத்து ஊற்றி, நுரை கூடியதும் இறக்குக. அரைத் தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளிக்க. கால் தேக்கரண்டி உப்பை இறுதியில் சேர்க்க. தண்ணீர் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் ரசத்தையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. இது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. உங்களுக்கு மருத்துவர் தனி அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுக. அன்றைய உப்பைக் காலையிலேயே ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து வைத்துவிட்டு, மறுநாள் வரை உப்பு டப்பாவைத் திறக்காதிருப்பது எளிய வழி. ஊறுகாய், அப்பளம், பிஸ்கட், ரொட்டி ஆகியவற்றிலும் உப்பு உண்டு என்பதால் கிண்ணத்தில் சற்றுக் குறைத்தே வைக்க வேண்டும்.

மீனாட்சி அம்மாளின் நூல் சைவ உணவுக்கானது. காசிமேட்டு மீன் இன்றி நம் பகுதியினருக்குச் சோறு இறங்காது. அதில் தடையும் இல்லை. புதிய மீனைப் புளி, மாங்காய், மிளகு சேர்த்துக் குழம்பு வைத்தால், குறைந்த உப்பிலும் சுவை நிற்கும். கருவாட்டை எவ்வளவு ஊறவைத்தாலும் உப்பு முழுமையாக நீங்காது. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தவிர்ப்பதே நன்று.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரக நோயுள்ளவர்களுக்கும், சில இரத்த அழுத்த, இதய மருந்துகளை உட்கொள்வோருக்கும் அது ஆபத்தாகலாம். எங்களைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

நாள்தோறும் காலையில், சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன் எடை பாருங்கள். மூன்று நாள்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால், மூச்சு வாங்கும்வரை காத்திராமல் உடனே எங்களை அணுகுங்கள்.

அடுத்த முறை வருகையில் மருந்துச்சீட்டுகளுடன் வீட்டில் உள்ள சமையல் நூலையும் எடுத்து வாருங்கள். எந்தப் பக்கத்தில் எந்த அளவைக் குறைப்பது என்று உணவியல் ஆலோசகருடன் சேர்ந்து பென்சிலால் குறித்துத் தருகிறோம். சமைக்கப்போகும் கணவரோ மகனோ மகளோ உடன் வருவது நலம்.