வாடிக்கையாளரின் போனில் கடை திறக்கிறதா?

1999 நவம்பரில் லண்டனிலிருந்து ஓர் இணையத் துணிக்கடை திறந்தது. பெயர் பூ.காம். கார்னபி தெருவில் அலுவலகம், ஒரே சமயத்தில் 18 நாடுகளில் விற்பனை. சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். ‘மிஸ் பூ’ என்ற சித்திரப் பெண் கூடவே வந்து ஆலோசனை சொல்வாள். 2000 மே மாதம் அந்தக் கடையை இழுத்து மூடினார்கள். அதற்குள் கரைந்த பணம் சுமார் 13.5 கோடி டாலர்.

வாரியிறைத்த செலவு, தள்ளிக்கொண்டே போன திறப்பு நாள், சரிந்த டாட்காம் பங்குகள் என்று காரணங்கள் பல. ஆனால் வாங்க வந்தவர் முதலில் பார்த்த குறை, பக்கம் வரவே இல்லை என்பதுதான். அன்று பெரும்பாலான வீடுகளில் இருந்தது தொலைபேசிக் கம்பியில் ஓடிய மோடம். அதில் வேகமான 56 கே மோடம்கூட, எல்லாம் சரியாக அமைந்தாலும் விநாடிக்கு 7 கிலோபைட்தான் இறக்கும். 500 கிலோபைட் பக்கம் வந்து சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு யார் சட்டை வாங்குவார்கள்?

மோடம் போய்விட்டது, தவறு போகவில்லை. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ நகைக்கடையோ மளிகைக்கடையோ நடத்துபவர் தன் இணையதளத்தைக் கடைக் கணினியில் பார்க்கிறார். நல்ல ஃபைபர் இணைப்பு. தினமும் திறக்கும் பக்கம் என்பதால் படங்களெல்லாம் பிரவுசரின் சேமிப்பில் ஏற்கெனவே கிடக்கின்றன. சொடுக்கியதும் திறக்கிறது. வாடிக்கையாளரோ ஐந்து வருடப் பழைய போனில், ரயிலில் நின்றபடி, முதல் முறையாகத் திறக்கிறார். சோதிக்க வேண்டியது அவருடைய போனில் வரும் பக்கத்தைத்தான்.

சோதிக்க இன்று அளவுகோல்கள் உண்டு. கூகுள் மூன்றைச் சொல்கிறது. பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். விரல் வைத்தால் 200 மில்லி விநாடிக்குள் திரை அசைய வேண்டும். மூன்றாவது, பக்கம் குதிக்கக் கூடாது: ‘கூடையில் சேர்’ பொத்தானை அழுத்தப் போகும்போது மேலே ஒரு படம் தாமதமாக வந்து அதைக் கீழே தள்ள, விரல் வேறெதிலோ படும். இந்த நகர்வை எண்ணாக்கி, 0.1-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். சராசரி பார்ப்பதில்லை, நூறு வருகைகளில் 75 இந்த வரம்புக்குள் இருந்தால்தான் தேர்ச்சி.

பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் இரண்டு வகை விடை வரும். ஒன்று ஆய்வகச் சோதனை: ஒரு கணினி, சுமாரான போன் போல நடித்துப் பக்கத்தைத் திறந்து மதிப்பெண் போடுகிறது. மற்றது உண்மையான பயனர்களிடம் பதிவானது. இரண்டாவதையே நம்புங்கள். ஆனால் வருகை குறைந்த சிறு கடைகளுக்கு அது பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அப்போது வெப்பேஜ்டெஸ்ட் போன்ற கருவியில் ஊரையும் இணைப்பு வேகத்தையும் தேர்ந்தெடுத்துச் சோதிக்கலாம்.

ஊர் முக்கியம். லண்டன் கடைக்குத் தளம் கட்டுபவர் சென்னையில் இருப்பது சகஜம். சர்வரும் அங்கேயே இருந்துவிட்டால் சிக்கல். இடையே சுமார் 8,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கேபிள் நேர்கோட்டில் கிடந்தால்கூடப் போய்வர 80 மில்லி விநாடிக்கு மேல். பாதுகாப்பான இணைப்பை அமைத்து முதல் எழுத்தைப் பெற இப்படி வழக்கமாக மூன்று முறை போய்வர வேண்டும். ஆக, எதுவும் தெரியும் முன்பே கால் விநாடி போய்விடுகிறது. சென்னையில் அமர்ந்து சோதிப்பவருக்கு இந்தத் தாமதம் தென்படவே தென்படாது.

அடுத்தது பக்கத்தின் எடை. பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளம் 2012 அக்டோபரில் தொடங்கியது. அதன் குழு 2022-இல் ஜேக்வெரி என்ற நிரல் தொகுப்பைத் தளத்திலிருந்து நீக்கி, சுமார் 32 கிலோபைட்டை மிச்சப்படுத்தியது. ஒரு சிறிய புகைப்படத்தின் அளவுகூட இல்லை. ஆனால் நிரலை போன் படித்துப் புரிந்து இயக்கவும் வேண்டும். பழைய போன் அங்கேதான் திணறுகிறது. இதற்காக ஓர் அரசுக் குழு மெனக்கெட்டது எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது.

நம் கடைகளுக்கே உரிய ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். தீபாவளித் தள்ளுபடியைத் தமிழில் அழகாக எழுதி, முழுவதையும் ஒரே படமாக ஏற்றிவிடுகிறார்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அந்தப் படத்தில் இருப்பதைப் பெரும்பாலும் படித்துச் சொல்வதில்லை. தமிழை எழுத்தாகவே போட்டு, அது தமிழ் என்பதை நிரலில் ‘டிஏ’ என்ற மொழிக் குறியால் குறிப்பிட வேண்டும். நகைக்கடைகள் விரும்பும் வெள்ளைமேல் பொன்னிறமும் சோதனையில் தேறாது: எழுத்துக்கும் பின்னணிக்கும் வேண்டிய ஒளி விகிதம் 4.5, வழக்கமான பொன்னிறத்துக்குக் கிடைப்பது சுமார் 2. பிரிட்டனில் இது வெறும் ரசனை விஷயமல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கும் சேவை எட்ட வேண்டும் என்ற 2010 சமத்துவச் சட்டம் கடைகளின் இணையதளத்துக்கும் பொருந்தும்.

எந்தக் கருவியும் செய்யாத சோதனை ஒன்று இருக்கிறது. தளத்தை இதுவரை பார்த்திராத ஒருவரிடம், அறுபதைத் தாண்டியவரானால் இன்னும் நல்லது, அவருடைய போனையே எடுக்கச் சொல்லி ஒரு கிலோ சம்பா அரிசி வாங்கச் சொல்லுங்கள். பணம் கட்டி, உறுதி மின்னஞ்சல் வரும்வரை அருகில் இருங்கள். எங்கே அழுத்துவது என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர் விரல் தயங்கும் இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டு, மறுநாள் அந்தத் தாளைத் தளம் கட்டியவரிடம் கொடுங்கள்.