பல்பு எரியுதான்னு பார்த்தேன், இக்னைட்டர் எரிஞ்சது
ராக்கெட் மோட்டாரைப் பத்தவைக்கிற சின்னக் கம்பிதான் இக்னைட்டர். மின்சாரம் பாய்ஞ்சா சூடாகி எரியும். வீட்டுல செஞ்சா ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது. அதனால, கம்பி அறுந்திருக்கான்னு முதல்ல டெஸ்ட் பண்ணணும்.

நான் 12 வோல்ட் பேட்டரி, 3 வாட் பல்பு, இக்னைட்டர் மூணையும் வரிசையா இணைச்சேன். பல்பு எரிஞ்சா கம்பி நல்லா இருக்குன்னு அர்த்தம். ஆனா இக்னைட்டரே பத்திக்கிச்சு! டெஸ்ட் பண்ணப் போய் நேரா புரொடக்‌ஷன்ல தள்ளிவிட்ட கதை. நல்லவேளை, மோட்டாருக்குள்ள வைக்கல.

ஏன் அப்படி? 3-ஐ 12-ஆல் வகுத்தா 0.25 ஆம்பியர். மெல்லிய கம்பிக்கு அதுவே போதும். போதாததுக்கு, பல்பு சூடாகும் முன்னாடி அதோட மின்தடை ரொம்பக் கம்மி. எடுத்த எடுப்புல இன்னும் அதிக மின்சாரம் பாயும்.

இப்போ பல்புக்குப் பதிலா எல்.இ.டி.யும் 1,000 ஓம் ரெசிஸ்டரும் வச்சிருக்கேன். பாயுறது சுமார் 0.01 ஆம்பியர்தான்.

டெஸ்ட்ல பாஸ் ஆனதும் களத்துல காலை வாரலாம். பட்டனை அழுத்தியும் ராக்கெட் கிளம்பலையா? உடனே கிட்டப் போகாதீங்க. பேட்டரியைக் கழட்டிட்டு 60 விநாடி காத்திருங்க. அமெரிக்கத் தேசிய ராக்கெட்டரி சங்கத்தோட பாதுகாப்பு விதியும் இதான்.