அஞ்சு மணிக்கு அழுத பிள்ளை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு எங்கள் சபை வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். நேபாளத்தில் ஒரு அனாதை இல்லம் கட்டுகிறார்களாம். பத்து நாள் அங்கே தங்கிச் சுவர் எழுப்பவும், பெயிண்ட் அடிக்கவும், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் கேட்டிருக்கிறார்கள். "டீச்சர், நீங்க சுனாமி சமயத்துல வெளிநாட்டுக்காரங்களோட வேலை பாத்தவங்க. என்னென்ன கொண்டு போகணும்னு ஒரு லிஸ்ட் போட்டுத் தாங்க" என்றார்கள்.

முந்திரிக்கொத்தும் காப்பியும் கொடுத்து உட்கார வைத்தேன். லிஸ்ட் போடவில்லை. அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று எங்கள் மாவட்டக் கடற்கரை முழுக்க அன்று ஓலம். மணக்குடிப் பாலத்தின் தளங்களைக் கடல் பெயர்த்து எறிந்தது. கொட்டில்பாட்டில் அலையைப் பார்த்து ஊருக்குள் ஓடியவர்களை ஏ.வி.எம். கால்வாய் மறித்துக்கொண்டது. குமரி மாவட்டத்தில் மட்டும் எண்ணூறு பேர் அளவில் செத்தார்கள். அதன் பிறகு வராத நாட்டுக்காரர் இல்லை. நான் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் விடுப்புப் போட்டுவிட்டு மொழிபெயர்க்கப் போனேன்.

2006 ஜனவரியில் வெளிநாட்டுச் சபை ஒன்றிலிருந்து பதினான்கு பேர் வந்தார்கள். கடற்கரை ஊர் ஒன்றில் சுனாமியில் அனாதையான பிள்ளைகளுக்கு இல்லம் கட்டும் வேலை. பன்னிரண்டு நாள். நல்ல மனசுக்காரர்கள், அதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை. வருஷம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள். விடியக்காலை ஜெபம் முடித்து, மூக்கில் வெள்ளையாய்க் களிம்பு பூசி, புதுக் கையுறை மாட்டி மணல் குவியலுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள்.

நான் மொழிபெயர்த்த முதல் வாக்கியம் கொத்தனாருடையது: "செங்கல்ல மொதல்ல தண்ணியில முக்கணும்." அவர்கள் ஊரில் மர வீடுகள்தான் அதிகம், செங்கல்லை நனைப்பது அவர்களுக்குப் புதிது. காய்ந்த கல் சாந்தில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும், அப்புறம் பிடிப்பு இருக்காது என்று கொத்தனார் ஒரு கல்லை முக்கி எடுத்துக் காட்டினார். கல் உள்ளிருந்து குமிழி விட்டுச் சத்தம் போட்டது. வந்தவர்களில் ஒரு வயதான தச்சர், பக்கெட்டில் காதை வைத்து அதைக் கேட்டுச் சிரித்தார். நூல் கட்டுவது, தூக்குக்குண்டு பிடிப்பது எல்லாவற்றையும் கொத்தனார் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் என்னிடம் தனியாக, "டீச்சரே, இவங்கள ஸ்டோர் ரூமுக்க உள்ள பூசச் சொல்லும், முன்பக்கம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அந்த வேலைக்கு முன்பே ஐந்து சித்தாள் பெண்களை அமர்த்தியிருந்தார்கள், எல்லாரும் அதே ஊர்க்காரர்கள். வெளிநாட்டுக்காரர்கள் கல் சுமப்பார்கள் என்பதால் பன்னிரண்டு நாளுக்கு இவர்கள் வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஆனாலும் வந்தார்கள். தென்னை நிழலில், தலைச்சுமாட்டுத் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு சாயங்காலம் வரை நின்றார்கள். யாராவது களைத்துப்போனால் கூப்பிடுவார்கள் என்ற நினைப்பு. அப்போது சித்தாள் கூலி நாளுக்கு நூறு ரூபாய்.

அவர்களில் ஒருத்திக்கு முப்பது வயதிருக்கும். புருஷனைக் கால்வாயில் பறிகொடுத்தவள். கட்டிடத்துக்குப் பக்கத்தில் தற்காலிகக் கொட்டகையில் பிள்ளைகளை வைத்திருந்தார்கள். அதில் ஒன்பது வயசுப் பெண்பிள்ளை ஒன்று, தினமும் அஞ்சு மணிக்கு இந்தப் பெண் கிளம்பியதும் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு அழும். மூன்றாம் நாள், வந்தவர்களில் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் அதைக் கவனித்துவிட்டார். பிள்ளை ஏன் அழுகிறது என்று என்னைக் கேட்டார். இல்லத்தை நடத்தியவர் தூரத்திலிருந்து வேண்டாம் என்று தலையசைத்தார். நான் அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.

"அது எனக்க மவளாக்கும், டீச்சரே."

அப்படியே மொழிபெயர்த்தேன். நர்ஸ் அம்மாவின் முகம் மாறிவிட்டது. பிறகு ஏன் பிள்ளையை இங்கே விட்டிருக்கிறாள் என்று கேட்டார். அதையும் கேட்டேன்.

"நாங்க இருக்குத தார்ஷீட் கொட்டகையில கதவு இல்ல. பொம்பளப் பிள்ளைய எப்பிடி வெச்சிருக்க? மூணு நேரமும் சோறு போடுவாங்க, பள்ளிக்கொடத்துக்கு அனுப்புவாங்கன்னு சொன்னாங்க. தெனம் வேல கெடச்சா நான் எதுக்கு விடுதேன்?"

நர்ஸ் அம்மா கையிலிருந்த செங்கல்லை மெதுவாகக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றினார். அன்று ராத்திரி அவர்கள் கூடிப் பேசினார்கள், சிலர் அழுதார்கள், ஒருவர் கோபப்பட்டார். இத்தனை தூரம் சேவை செய்ய வந்துவிட்டுச் சும்மா உட்காருவதா என்பது அவர் கேள்வி. மறுநாள் ஏழு பேர் ஒதுங்கிக்கொண்டார்கள், ஐந்து பெண்களும் கூலிக்கு வந்தார்கள். மீதி ஒன்பது நாள்.

அன்று ராத்திரி நான் வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். வந்துபோகும் விமான டிக்கெட் ஒருவருக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. ஒரு சித்தாள் வருஷத்தில் முந்நூறு நாள் வேலை செய்தாலும் அவள் வாங்குவது முப்பதாயிரம். பதினான்கு டிக்கெட் ஏழு லட்சம். அந்தக் கொட்டகையில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அம்மா இருந்தாள் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. மறுநாள் கேட்டேன். பாதிக்கு மேல்.

அவர்கள் கிளம்பிய நாளில் நடந்த இன்னொன்றும் கண்ணில் நிற்கிறது. பன்னிரண்டு நாளில் மடியில் ஏறிப் பழகிய சின்னப் பிள்ளைகள் வேனுக்குப் பின்னால் ஓடினார்கள். அடுத்த மாதம் வேறு நாட்டிலிருந்து வேறு கூட்டம். மூன்றாவது கூட்டம் வந்தபோது அந்தப் பிள்ளைகள் யார் வேனிலிருந்து இறங்கினாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். போகும்போது யாரும் அழவில்லை. பார்த்தவர்கள் "எவ்வளவு பாசமான பிள்ளைகள்" என்றார்கள். முப்பது வருஷம் பிள்ளைகளோடு பழகிய எனக்கு அது பயமாக இருந்தது.

கடல் கடந்து வந்தவர்களால் நன்மை விளையவில்லை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகும். நான் நெய்யூர்க்காரி. 1838-ல் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரி எங்கள் ஊரில் இருக்கிறது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர், திரும்பும் வழியில் ஊர் சுற்றிப் பார்க்க இந்தப் பக்கம் வந்தார். ஆஸ்பத்திரித் திண்ணையில் காத்துக் கிடந்த கூட்டத்தையும், அவ்வளவு பேருக்கும் சேர்த்து இருந்த ஒற்றை அறுவை டாக்டரையும் பார்த்தார். லண்டனில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறியவர், இறங்கி வந்தது நெய்யூருக்குத்தான். மரச்சீனியும் சோறும் தின்று வயிற்றுப்புண்ணோடு வந்த என் பாட்டாவுக்கு அவர்தான் ஆபரேஷன் செய்தார். பாட்டா அப்புறம் எண்பது வயசு வரை இருந்தார்.

நாகர்கோவிலுக்கு 1819-ல் வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளி தொடங்கினார். அதில் அடிமைகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ல்தான் சட்டப்படி ஒழிந்தது. அம்மையார் இரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். தலையணை மேல் நூல் சுற்றிய குச்சிகளை உருட்டி உருட்டிப் பின்னிய லேஸை விற்ற காசில் சிலர் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கினார்கள். நம் ஊர்ப் பெண்களின் கைக்கு லேஸ் வந்தது அப்படித்தான். மால்ட் தம்பதி முப்பத்தைந்து வருஷம் போல இங்கே இருந்தார்கள்.

பிள்ளைகள் இல்லம் என்றால் எங்கள் ஊர்க்காரிக்கு முதலில் நினைவு வர வேண்டியவள் பொன்னம்மாள். அவள் பெயர் இன்று எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது, எனக்கு அது பெரிய மனக்குறை. அயர்லாந்திலிருந்து 1895-ல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல், திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் தங்கியிருந்தார். 1901-ல் கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அதிலிருந்து பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள், கைக்குழந்தைகளும் வந்தார்கள். தாய்ப்பால் இல்லாத குழந்தைகளை டாக்டர் பக்கத்தில் இல்லாத ஊரில் வளர்ப்பது லேசான காரியமா? அதனால் 1905 வாக்கில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் வீடு தொடங்கினார்கள். டோனாவூரிலிருந்து நெய்யூருக்கு மாட்டு வண்டியில் ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

அந்த வீட்டைப் பொறுப்பேற்று நடத்தியவள் பொன்னம்மாள். இளம் விதவை. குழந்தைகளின் மலத்துணி அலசுவதைக் கௌரவக் குறைவாக நினைத்த காலம். அவள் முதலில் தன் கையால் அலசினாள், மற்ற பெண்கள் அதைப் பார்த்துச் சேர்ந்துகொண்டார்கள். பால் அளக்க, காய்ச்ச, நேரம் தவறாமல் ஊட்ட டாக்டர்களிடம் கற்றுக்கொண்டாள். வயிற்றுக்கடுப்பு பரவியபோது பல குழந்தைகள் அவள் கையிலேயே செத்தார்கள். அதன் பிறகும் அவள் போகவில்லை. பின்னால் டோனாவூருக்கே குழந்தைகளைக் கொண்டுபோனபோது கூடவே போனாள். 1915-ல் நோயில் இறந்தாள்.

டோனாவூரில் பிள்ளைகள் தங்களை வளர்த்த பெண்களை அக்கா என்றார்கள், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களைச் சித்தி என்றார்கள், ஆண்களை அண்ணாச்சி என்றார்கள். ஏமி கார்மைக்கேலை அம்மா என்றார்கள். அவர் 1951-ல் இறக்கும் வரை, ஐம்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவை கூடச் சொந்த நாட்டுக்குப் போகவில்லை. அவர் கல்லறைக்குக் கல்லறைக் கல் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் அம்மா என்று ஒரே சொல்.

இதை வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒருத்தி கேட்டாள்: "அப்ப நாங்க ஐம்பத்தஞ்சு வருஷம் போய் இருக்க முடியுமா டீச்சர்?" நியாயமான கேள்வி. முடியாது. அதனால்தான் அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் யார் என்று பார்க்கச் சொல்கிறேன். அம்மா, ஆச்சி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா. அவர்கள் கையில் காசு இருந்தால் பிள்ளை அவர்கள் மடியிலேயே வளரும்.

இது நான் மட்டும் சொல்வதல்ல. உலகம் முழுக்க அனாதை இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு அம்மா அப்பாவில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள் என்று 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு 2009-ல் கணக்குச் சொன்னது. நேபாளத்தில் காத்மாண்டு, பொக்காரா போல வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகும் ஊர்களிலேயே இல்லங்கள் குவிந்தன. படிக்க வைக்கிறோம் என்று சொல்லி மலைக்கிராமத்துப் பிள்ளைகளைத் தரகர்கள் இறக்கிக்கொண்டு வந்தார்கள். 2015 ஏப்ரலில் நிலநடுக்கம் வந்தபோது புது இல்லங்கள் தொடங்குவதை அந்த அரசே நிறுத்தி வைத்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் வழியாக மாறிவிட்ட அனாதை இல்லங்களுக்குப் போய்வரும் இந்தச் சுற்றுலாவைத் தடுக்கும்படி எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது.

நம் நாட்டில் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும், பிள்ளையைச் சேர்ப்பதும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படியே நடக்க வேண்டும். எல்லா வழியும் அடைபட்ட பிறகே இல்லம். அம்மா விதவை, வருமானம் போதவில்லை என்றால், மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு வழியிருக்கிறது. குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கும், நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக்கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு 1098. இதெல்லாம் 2006-ல் அந்தச் சித்தாளுக்கு எட்டியிருந்தால் என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன். நாங்கள் கட்டிய கட்டிடம் உறுதியாகத்தான் இருக்கிறது. அவள் மகள் அதில் ஆறு வருஷம் இருந்தாள்.

வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் நேபாளத்துக்கு டிக்கெட் போடவில்லை. அதற்கு முன்னால் அந்த இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். எத்தனை பிள்ளைகள், அவர்களில் எத்தனை பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள், கட்டிட வேலைக்கு அந்த ஊரில் நாள் கூலி என்ன, இந்த மூன்றே கேள்வி. போன வாரம் பதில் வந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள். பதினேழு பேருக்கு அம்மா அல்லது அப்பா உண்டு. கூலியையும் எழுதியிருந்தார்கள். இல்லத்துக்காரர் நேர்மையான மனிதர் என்றே தோன்றுகிறது, கேட்டதை மறைக்கவில்லை.

பிள்ளைகள் என் திண்ணையில் உட்கார்ந்து, சேர்த்து வைத்திருந்த பயணப் பணத்தை அந்தக் கூலியால் வகுத்துப் பார்த்தார்கள். வகுத்து முடித்தவன் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தான். அந்தப் பதினேழு பேரின் ஊர்ப் பெயரையும் கேட்டு எழுதச் சொன்னேன்.