பழைய வண்டி வாங்குதல்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில், சேலையின் மறுபுறத்தைத் திருப்பிப் பாராமல் விலை பேசுவோர் அரியர். பழைய வண்டி வாங்குவோர்க்கும் அவ்விழிப்பு வேண்டும். புதுவண்ணம் துருவை மறைக்கும். முன்பே சூடாக்கி வைத்த எஞ்சின் எளிதில் இயங்கும். ஆதலின், குளிர்ந்திருக்கும் எஞ்சினைத் தம் கண்முன்னே இயக்கச் சொல்லுதல் நன்று. நீலப்புகை எழுமாயின் உள்ளே எண்ணெய் எரிகின்றது என்பது பொருள். எஞ்சின், சேஸிஸ் எண்கள் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருத்தல் வேண்டும். கண்ட குறையைச் சுட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம். பழுது நீக்கித் தருவதாக வணிகர் கூறின், அதனை எழுத்தில் பெறவேண்டும். வணிகர் அனைவரும் வஞ்சகர் அல்லர். எனினும் வாய்ச்சொல்லுக்குச் சான்று ஏது? குறையை அறிந்தே மூடி மறைத்து விற்றல், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி மோசடியாகும். சொந்தப் பயனுக்கு வாங்கி ஏமாந்தவர், இரண்டு ஆண்டுகளுக்குள் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.