நிவாரண அரிசியும் கூழ்ப் பானையும்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தெருவுக்கு வந்தது. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் மரநிழல்களிலும் தங்கினார்கள். ஊருக்கே வெங்காயமும் மரக்கறியும் விளைவித்துக் கொடுத்த குடும்பங்கள் சங்கக்கடை வரிசையில் நின்றன. வலிகாமம் வடக்கு மக்களுக்கோ இந்த நிலை 1990இலேயே தொடங்கிவிட்டது. முகாமில் பிறந்து, முகாமிலேயே வளர்ந்து ஆளான பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. இன்றும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் இருக்கின்றன.

நிவாரணமாகக் கிடைத்தவை பெரும்பாலும் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். பட்டினியைத் தடுத்த அந்தப் பொருட்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு. அரைக் கிலோ அரிசியில் ஏறத்தாழ 1,700 கலோரி சக்தி உண்டு. அதே அரிசியில் விற்றமின் ஏயும் இல்லை, சீயும் இல்லை. சீனியில் சக்தியைத் தவிர வேறெதுவும் இல்லை. வேலை செய்யவும் நடக்கவும் மாச்சத்தும் கொழுப்பும் போதும். தசை வளரவும் காயம் ஆறவும் புரதம் வேண்டும். இரத்தத்துக்கு இரும்புச்சத்து, எலும்புக்குக் கல்சியம், கண்ணுக்கு விற்றமின் ஏ, முரசு உறுதிக்கு விற்றமின் சீ. இந்தப் பின்வரிசைதான் கூப்பனில் விடுபட்டுப் போகிறது.

விடுபட்டதை எங்கே தேடுவது? எங்கள் ஆச்சிமாரின் கூழ்ப் பானையைப் பாருங்கள். பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிக் கைப்பைப் போக்கிவிட்டுத்தான் கூழுக்கு எடுப்பார்கள். இந்த வேலையில் அவசரம் கூடாது. மா மட்டும் என்றால் அதுவும் அரிசியைப் போலச் சக்தி தருகிற பொருள்தான். அதனோடு மீன், நண்டு, இறால் சேரும்போது புரதமும் கனியுப்புகளும் வருகின்றன. பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டால் நார்ப்பொருளும் இன்னும் கொஞ்சம் புரதமும் சேரும். முருங்கையிலை விற்றமின் ஏயையும் கல்சியத்தையும் கொண்டுவருகிறது. சத்துக்களின் பெயர் தெரியாமலே அவற்றை ஒரே பானையில் போட்டுப் பலாவிலையைக் கோலிக் குடித்திருக்கிறார்கள். நண்டும் பெரிய மீனும் வாங்க வழியில்லாதவர்கள் ஒரு பிடி நெத்தலிக் கருவாடு போடலாம். நெத்தலியை முள்ளோடு தின்பதால் கல்சியமும் கிடைக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குச் செத்தல் மிளகாய் சேர்க்கும் முன்னரே ஒரு பங்கை எடுத்து வையுங்கள். உறைப்புக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் கூழ் வேண்டாம் என்கிறார்கள்.

மீன் கிடைக்காத நாளில் சோறும் பருப்பும் சேர்த்துச் சாப்பிட்டாலே நல்ல புரதம்தான். அரிசியின் புரதத்தில் குறைவானது பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது. ஆகவே ஒரு நாள் பருப்பு, மறுநாள் வெறும் சோறு என்று பிரிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டையும் ஒன்றாகச் சமைப்பது நல்லது. சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணெய் விட்டு உழுத்தங்களி கிண்டிக் கொடுப்பதிலும் இந்த நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கவனிப்பு சில நாட்களோடு ஏன் முடிந்துவிடுகிறது என்பதுதான் எமக்கு விளங்கவில்லை. குரக்கனையும் மறக்க வேண்டாம்: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அதில் பத்திலொரு பங்குகூட இல்லை.

இருப்பதையும் நாம் சமையலில் இழக்கிறோம். அரிசியைப் பலமுறை கழுவிக் கஞ்சியையும் வடித்து ஊற்றினால் விற்றமின் பீ அதோடு போய்விடும். புழுங்கல் அரிசியில் இந்த இழப்புக் குறைவு, ஏனென்றால் நெல்லை அவிக்கும்போதே அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. கீரையை நறுக்கிய பிறகு கழுவக்கூடாது. முருங்கையிலையைத் தேங்காய்ப்பூவோடு விரைவாக வறை செய்தால், தேங்காயிலுள்ள கொழுப்பு விற்றமின் ஏ உடலில் சேர உதவும். இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி விட்டால் இலையின் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது நேர்மாறான வேலையைச் செய்கிறது. தேயிலையின் துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். இதை முக்கியமாகத் தாய்மாருக்குச் சொல்கிறோம். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் உண்டு, பசியைத் தேத்தண்ணியால் அடக்குகிறவர்கள் அவர்கள்தான். களைப்பு, மூச்சு வாங்குதல், வெளிறிய கண்மடல் இருந்தால் வேலைக்களைப்பு என்று விட்டுவிடாமல் மருத்துவ மாதைக் கண்டு குருதிச்சோகையா என்று பாருங்கள். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சுருக்குப் பையில் சேர்த்து வைக்க வேண்டாம். திரிபோசா மாவும் தாய்க்கென்றே தரப்படுவது. அதை வீட்டில் எல்லோருக்கும் பங்கிட்டால் அவருக்கு மிஞ்சாது.

காணி இல்லையே என்பீர்கள். 2022இல் பால்மாவும் அரிசியும் விலையேறியபோது காணி உள்ளவர்களும் தடுமாறினார்கள். பசளியும் பொன்னாங்காணியும் உரப்பையில் வளரும். கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரமே அவற்றுக்குப் போதும். முருங்கைக்கு அதுவும் வேண்டாம். இருக்கும் காணிக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு, கைத்தடிப் பருமனான முற்றிய கொப்பை மாரி தொடங்கும்போது வேலியோரம் ஊன்றுங்கள். நீர் தேங்காத இடமாக இருக்கட்டும். வேறிடம் போக நேர்ந்தால் அதிலிருந்து இன்னொரு கொப்பை வெட்டிக் கொண்டுபோய் அங்கேயும் ஊன்றலாம்.